சிங்கப்பூரில் பறந்த ஹெலி காரைக்குடியில் ஏன் பறக்கவில்லை?

காரைக்குடியில் எனக்கு செல்போன் சர்வீஸ் கடை. பொங்கல் கழிந்த வாரத்திலும் மே மாத விடுமுறையிலும் போனோடு போட்டி போட்டுக்கொண்டு ரிமோட் ஹெலிகாப்டர்களும் என் மேசைக்கு வரும். கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து ஊர் திரும்புகிறவர்கள் பிள்ளைகளுக்கு வாங்கி வந்தவை. நானும் பதினோரு வருடமாகக் கண்மாய்ப் பொட்டலில் ஹெலி விட்டு, விழுந்து, ஒட்டி, மறுபடி விடுகிறவன்தான். வருகிறவற்றில் பாதிக்கு மேல் ஸ்க்ரூ டிரைவரைத் தொடாமலே சரியாகிவிடும். அதற்குக் காசு வாங்கக் கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொம்மை ஹெலி. இறக்கை இரண்டு அடுக்காக இருக்கும். உச்சியில் இரு நுனியிலும் குண்டு வைத்த கம்பி ஒன்று ஆடும். ரிமோட்டின் முன்பக்கம் டிவி ரிமோட் போலக் கண் இருந்தால் அது இன்ஃப்ராரெட். பெரும்பாலும் 3 சேனல், அதாவது மூன்று கட்டுப்பாடு.

சின்ன ஹெலி. இறக்கை ஓரடுக்கு, வாலில் குட்டி மோட்டார், 4 சேனல், 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ.

பெரிய ஹெலி. கடைக்காரர்கள் 450 என்பார்கள். ஒரு இறக்கையே ஒரு அடிக்கு மேல், 325 மில்லிமீட்டர் நீளம். 3 செல் பேட்டரி, 11.1 வோல்ட். முதல் ஹெலியாக இதை வாங்காதீர்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால், முதல் இரண்டு மாதம் கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் விடுங்கள். சிமுலேட்டரில் விழுந்தால் ஒரு பட்டன் போதும், பொட்டலில் விழுந்தால் பர்ஸைத் திறக்க வேண்டும்.

கழற்றும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, எவர்சில்வர் கிண்ணத்தில் ஸ்க்ரூக்களைப் போடுங்கள். அழகாக இருக்கிறதே என்று ஓலைக் கொட்டானில் போட்ட ஒருவர், இரண்டு ஸ்க்ரூவைப் பின்னல் இடுக்கில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

## விளக்கே எரியவில்லை

சுவிட்சைத் தள்ளிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், அடிக்கடி நடப்பது. பல பொம்மைகளில் சார்ஜ் போடும்போது சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஏறாது.

சுவிட்ச் சரி என்றால் சார்ஜர் வயரைப் பாருங்கள். சில வயர்களில் ஏறும்போது விளக்கு எரியும், சிலவற்றில் ஏறும்போது அணைந்து, நிரம்பியதும் எரியும். பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருப்பார்கள். வேறொரு சாதாரண 5 வோல்ட் அடாப்டரில் மாட்டிப் பாருங்கள்.

அதற்கும் அசையவில்லை, போன வருடம் வந்தவர்கள் பீரோவில் வைத்துவிட்டுப் போனது என்றால், பேட்டரி செத்திருக்கும். மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஒரு லைப்போ (லித்தியம் பாலிமர்) செல் நிரம்பினால் 4.2 வோல்ட், 3.0-க்குக் கீழே போகக்கூடாது. ஒரு வருடம் பீரோவில் கிடந்தது 2 வோல்ட்டில் நிற்கும். அதைத் தட்டி எழுப்ப முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள். புதியது அதே 3.7 வோல்ட், உள்ளே நுழையும் அளவு. பிளக் ஒரே மாதிரி இருந்தாலும் சிவப்பும் கறுப்பும் இடம் மாறி வருவது உண்டு. மாட்டுவதற்கு முன் பார்த்துவிடுங்கள். பற்ற வைக்க வேண்டிய பேட்டரி என்றால் ஒரு வயரை வெட்டி, ஒட்டி, மூடிய பிறகுதான் அடுத்த வயர். இரண்டையும் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டினால் கத்திரிக்கோலிலேயே ஷார்ட் ஆகும்.

சால்டரிங் பழக்கம் இல்லையென்றால் இங்கேயே நில்லுங்கள். எந்த செல்போன் கடையிலும் பத்து நிமிட வேலை.

## விளக்கு மினுக்குகிறது, ரிமோட்டுக்குக் கட்டுப்படவில்லை

போன தை மாதம் ஒரு பெரியவர் பெட்டியோடு வந்தார்.

"தம்பி, சிங்கப்பூர்ல இருந்த வரைக்கும் நல்லாப் பறந்துச்சு. இங்க வந்து ஒரு நாள்கூட எந்திரிக்க மாட்டேங்குது. தண்ணி மாறுனா மனுசனுக்குத்தான் ஒத்துக்காது, இதுக்குமா?"

"எங்கய்யா வச்சு விட்டீங்க?"

"நம்ம வளவுலதான். நடு முற்றத்துல. எடம் தாராளமா இருக்குல்ல."

கடைக்குள்ளேயே விட்டுக் காட்டினேன். ஜம்மென்று ஏறியது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இன்ஃப்ராரெட் ரிமோட்டுக்கு வெயில் ஆகாது. சூரிய ஒளியிலும் அதே இன்ஃப்ராரெட் கொட்டிக் கிடப்பதால் ஹெலியின் கண்ணுக்கு ரிமோட் சொல்வது எட்டாது. சிங்கப்பூரில் அடைத்த ஃபிளாட், இங்கே திறந்த முற்றம். ஆகவே இன்ஃப்ராரெட் என்றால் கூரையுள்ள பட்டாலைக்குள் வாருங்கள், அல்லது வெயில் தாழும் வரை பொறுங்கள்.

நிழலிலும் கேட்கவில்லை என்றால், சேனல் எழுத்தைப் பாருங்கள். ஹெலியும் ரிமோட்டும் ஒரே ஏ, பி அல்லது சி-யில் இருக்க வேண்டும். அண்ணன் தம்பி இருவரும் ஒரே எழுத்தில் வைத்துக்கொண்டு விட்டால், ஒருவன் ஏற்றுவான், இன்னொருவன் இறக்குவான்.

2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் வெயில் பிரச்சினை இல்லை, முறைதான் பிரச்சினை. ஹெலியை ஏற்றி இறக்கும் த்ராட்டில் குச்சியை முழுக்கக் கீழே இறக்குங்கள். முதலில் ரிமோட்டை ஆன் செய்து, பிறகு ஹெலிக்குப் பேட்டரி மாட்டுங்கள். அணைக்கும்போது தலைகீழ்: முதலில் ஹெலி, பிறகு ரிமோட். சில மாடல்களில் குச்சியை ஒருமுறை மேலே ஏற்றி இறக்கினால்தான் பூட்டுத் திறக்கும். இவ்வளவும் செய்து மினுக்கிக்கொண்டே இருந்தால் தாளில் உள்ளபடி மறுபடி பைண்ட் செய்யுங்கள், அதாவது ஹெலியையும் ரிமோட்டையும் ஜோடி சேருங்கள். ரிமோட்டுக்குப் புது செல் போட்டுப் பாருங்கள். சுவர்க் கடிகாரத்தில் ஓடிக் களைத்த செல்லை எடுத்துப் போட்டால் நாலு அடிக்கு மேல் எட்டாது.

பைண்டும் ஆகவில்லை என்றால் போர்டு போயிருக்கலாம். பொம்மைக்குப் போர்டு மாற்றுவது கட்டுப்படியாகாது.

## இறக்கை சுற்றுகிறது, மேலே ஏறவில்லை

பேட்டரி நிரம்பியதா என்று மறுபடி கேட்பேன். பொம்மை ஹெலி ஒரு சார்ஜுக்கு ஆறிலிருந்து எட்டு நிமிடம்தான் பறக்கும். அரை மணி நேரம் பறந்தது என்று சொல்கிற பிள்ளைகள் சந்தோஷத்தில் சொல்கிறார்கள்.

சார்ஜ் நிரம்பியிருந்தும் ஏறவில்லை, அண்மையில் இறக்கை மாற்றினீர்கள் என்றால் அங்கேதான் தவறு. இரண்டு அடுக்கு ஹெலியில் மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் எதிரெதிர்த் திசையில் சுற்றும். மேலே போட வேண்டியதைக் கீழே போட்டால் காற்றை மேல்நோக்கித் தள்ளும். இறக்கையின் அடியில் ஏ, பி என்று பொடி எழுத்தில் இருக்கும். எழுத்து தேய்ந்திருந்தால் தடித்த ஓரம் எது என்று பாருங்கள். சுற்றும் திசையில் தடித்த ஓரம்தான் முன்னால் போக வேண்டும்.

இறக்கை சரி, நுனிகளும் கிழியவில்லை என்றால், பூதக்கண்ணாடி எடுத்து, இறக்கையைச் சுற்றும் தண்டான ஷாஃப்ட்டின் அடியிலும் பல்சக்கரத்தின் இடுக்கிலும் பாருங்கள். முடி, கம்பள நூல், பட்டுச் சேலையின் ஜரிகை இழை, எல்லாம் எடுத்திருக்கிறேன். கல்யாண வீட்டில் பறந்த ஹெலியில் ஜரிகை நிச்சயம். சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பிக்கொண்டே ட்வீசரால் மெல்ல இழுங்கள். பிளேடு போட்டு அறுக்காதீர்கள்.

இழை எதுவும் இல்லை, "கர்ர்" என்று சத்தம் மட்டும் வருகிறது என்றால் பல்சக்கரத்தில் பல் போயிருக்கும். மலிவான பாகம், மாற்றலாம். சத்தமும் இல்லாமல் ஓர் அடுக்கு மட்டும் சோம்பலாகச் சுற்றினால், அந்த அடுக்கின் மோட்டார் தேய்ந்துவிட்டது. இரண்டு மோட்டாரையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதிது ஒன்று பழசு என்றால் அடுத்த தலைப்புக்கு வந்து நிற்பீர்கள்.

## ஏறுகிறது, ஆனால் உடல் பம்பரமாகச் சுற்றுகிறது

எனக்கு அதிகம் வரும் புகார் இது.

மெதுவாக ஒரே பக்கம் திரும்புகிறது என்றால் ட்ரிம். ரிமோட்டில் உள்ள சின்னக் குமிழைச் சுற்றலுக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். ஹெலி இடுப்பு உயரத்தில் நிற்கும்போது பார்க்க வேண்டும், தரையில் வைத்து அல்ல.

ட்ரிம் கடைசி வரை போயும் நிற்கவில்லை என்றால் கைரோ, அதாவது உடல் திரும்புவதை உணரும் சென்சார். பேட்டரி மாட்டிய முதல் சில வினாடிகளில் 'அசையாமல் இருப்பது எப்படி' என்று கைரோ கற்றுக்கொள்கிறது. அந்த நேரத்தில் கையில் வைத்து ஆட்டினால், ஆட்டத்தையே நிலை என்று எடுத்துக்கொள்ளும். சமதளத்தில் வைத்து, மாட்டி, விளக்கு நிலையாகும் வரை கையை எடுத்துவிடுங்கள். குழந்தைகளுக்குப் பத்து எண்ணச் சொல்லியிருக்கிறேன். இது ஒன்றிலேயே பலபேருக்கு வேலை முடிந்துவிடும்.

இரண்டு அடுக்கு ஹெலி, இன்னும் சுற்றுகிறது என்றால் ஏதோ ஓர் அடுக்கு தடைபடுகிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு விரலால் இரண்டையும் சுற்றிப் பாருங்கள். இறுகும் பக்கம் இழையோ, கோணிய ஷாஃப்ட்டோ இருக்கும்.

ஓரடுக்குச் சின்ன ஹெலி என்றால் நேராக வாலுக்குப் போங்கள். பெரிய இறக்கை சுற்றும் திசைக்கு எதிராக உடல் சுற்றினால் வால் பலமிழந்துவிட்டது என்று பொருள். வால் இறக்கை தளர்ந்திருக்கிறதா, திருப்பி மாட்டியிருக்கிறதா, ஷாஃப்ட்டில் முடி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பென்சில் சோதனை: ஹெலியை மேசையில் அழுத்திப் பிடித்து, பெரிய இறக்கை அசையத் தொடங்கும் அளவுக்கு மட்டும் த்ராட்டில் கொடுங்கள். வால் நின்றபடி இருந்து, பென்சிலால் தட்டினால் மட்டும் சுற்றத் தொடங்கினால் மோட்டாரின் பிரஷ் தேய்ந்துவிட்டது. சின்ன ஹெலிகளில் முதலில் சாவது இந்த வால் மோட்டார்தான். விபத்தே இல்லாவிட்டாலும் ஒருநாள் சாகும். வாங்கும்போதே கூடுதலாக ஒன்று வாங்கி வைப்பது என் வழக்கம். அதற்குப் போகும் வயர் தலைமுடி அளவு, வால் குழாய்க்குள்ளேயே ஒடிந்திருப்பதும் உண்டு. அதை ஒட்டுவது பழகின கை வேலை.

450 என்றால் பறக்க விடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பெரிய மோட்டாரின் வயர்களைக் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுங்கள். ரிமோட்டில் இடப்பக்கம் திருப்பும்போது வால் சர்வோ (வால் இறக்கையின் கோணத்தை மாற்றும் குட்டி மோட்டார்) எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஹெலியைக் கையில் தூக்கி மூக்கை வெடுக்கென்று வலப்பக்கம் திருப்புங்கள். சர்வோ முன்பு போன அதே பக்கம் போனால் கைரோ சரி. எதிர்ப்பக்கம் போனால் கைரோவின் திசை தலைகீழாக இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ஏற்றினால், தரையை விட்ட நொடியில் சுழன்று சாயும். திசை சரியாக இருந்தும் வால் அடங்கவில்லை, பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்றும் பார்த்தாகிவிட்டது என்றால், அனுபவப்பட்ட ஒருவர் பக்கத்தில் இல்லாமல் மேற்கொண்டு போகாதீர்கள்.

## ஓரிடத்தில் நிற்கவில்லை, நழுவிக்கொண்டே போகிறது

பெரும்பாலும் நம் பழைய வீடுகளின் கோளாறு இது, ஹெலியினுடையது அல்ல.

முகப்பில் நின்றால் வளவு, இரண்டாங்கட்டு என்று கதவுக்குக் கதவு நேராகப் பின்வாசல் வரை தெரியும்படி கட்டியிருக்கிறார்கள். காற்று தெருவில் நுழைந்து கொல்லையில் போய் இறங்கும். அதற்கென்றே கட்டியது. மத்தியானத் தூக்கத்துக்கு அருமை. நாற்பது கிராம் பொம்மைக்கு அது சூறாவளி. நமக்குக் காற்றே இல்லாதது போலத் தோன்றும். ஒரு ஊதுவத்தியைக் கொளுத்தித் தரையிலும் இடுப்பு உயரத்திலும் பிடித்துப் பாருங்கள். புகை நேராக ஏறினால் பறக்கலாம். வளைந்தால் ஹெலியும் அதே பக்கம் வளையும். அந்தத் தேக்குக் கதவுகளில் இரண்டைச் சாத்திவிட்டு மறுபடி பாருங்கள்.

புகை நேராக நிற்கிறது, ஹெலி மட்டும் தரையில் வழுக்குகிறது என்றால் நீங்கள் தாழ விடுகிறீர்கள். இறக்கையின் விட்டம் அளவு உயரத்துக்குள் இருக்கும்வரை, தரையில் மோதித் திரும்பும் தன் காற்றிலேயே ஹெலி தடுமாறும். பயத்தில் அரை அடி உயரத்திலேயே வைத்திருப்பார்கள், அங்கேதான் கஷ்டம் அதிகம். தயங்காமல் இடுப்பு உயரம் ஏற்றுங்கள்.

3 சேனல் பொம்மை பக்கவாட்டில் நழுவினால் குச்சியில் தேடாதீர்கள். அதில் பக்கவாட்டுக் கட்டுப்பாடே கிடையாது. மூக்கைத் திருப்பி முன்னால் ஓட்டித்தான் மீட்க வேண்டும். எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால் உச்சிக் கம்பி வளைந்திருக்கும், அல்லது அதன் குட்டி இணைப்பு ஒரு பக்கம் கழன்றிருக்கும்.

ஓரடுக்கு ஹெலி லேசாக ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது கோளாறே அல்ல. வால் இறக்கை பக்கவாட்டில் தள்ளுவதை ஈடுகட்ட அப்படித்தான் நிற்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றும் இறக்கை என்றால் வலப்பக்கம் சாயும். அதை நேராக்குகிறேன் என்று ட்ரிம்மைக் கெடுத்துவிடுவார்கள்.

வெளியில் விடுகிறீர்கள் என்றால் காலை ஆறிலிருந்து ஏழரைக்குள். மாசி, பங்குனியில் வற்றிய கண்மாய் நல்ல இடம், கரையோரச் சீமைக்கருவேலத்தை விட்டு எட்ட நின்றால். ஆடியில் ஹெலியைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். செம்மண் பொட்டல் என்றால் பழைய சாக்கு ஒன்றை விரித்து அதிலிருந்து கிளப்புங்கள். மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் மண்ணிலுள்ள இரும்புத் துகளை இழுத்துக்கொள்ளும்.

## நடுங்குகிறது, அதிர்கிறது

இறக்கையில் சிராய்ப்பு, கீறல் இருந்தால் மாற்றுங்கள். ஒரு பக்கத்தை மட்டுமல்ல, ஜோடியாக. இறக்கையைப் பிடிக்கும் ஸ்க்ரூ மிக இறுகியிருந்தாலும் நடுங்கும். ஹெலியைப் பக்கவாட்டில் சாய்த்தால் இறக்கை மெல்ல மடங்க வேண்டும், தொங்கவும் கூடாது.

இறக்கை சரி என்றால் ஷாஃப்ட். கழற்றி, கண்ணாடித் துண்டின் மேல் உருட்டுங்கள். தத்தித் தத்தி உருண்டால் வளைந்திருக்கிறது. வீட்டுத் தரையில் உருட்டிப் பார்க்காதீர்கள். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல்தான் வார்க்கிறார்கள், முகம் வழவழப்பாக இருக்கும். ஆனால் கல்லும் கல்லும் சேரும் இடத்தில் மட்டம் தப்பும், நல்ல ஷாஃப்ட்டும் தத்தும். வளைந்ததைச் சுத்தியலால் நிமிர்த்த வேண்டாம், அது நிமிர்ந்ததாகத் தோன்றும், அவ்வளவுதான்.

450-ல் ஷாஃப்ட்டும் நேர் என்றால், இரண்டு இறக்கை நுனியிலும் வெவ்வேறு நிற டேப் ஒட்டி, தள்ளி நின்று, கண் மட்டத்தில் பாருங்கள். இரண்டு நிறமும் இரண்டு கோடாகத் தெரிந்தால் ஒரு இறக்கை ஏறிச் சுற்றுகிறது. இணைப்புக் கம்பியை அரைச் சுற்று திருகி மறுபடி பாருங்கள். நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேல் சுற்றும் இறக்கை இது. விரல் போகும். விரிசல் கண்ட இறக்கையை ஒட்டிப் பயன்படுத்துகிறவரின் பக்கத்தில் நான் நிற்க மாட்டேன்.

## என்னைப் பார்த்துத் திரும்பியதும் விழுகிறது

ஹெலியைத் திறக்க வேண்டாம். மூக்கு உங்களைப் பார்த்ததும் இடம் வலமாகிவிடுகிறது. வால் உங்கள் பக்கம் இருக்கும்படி, அசையாமல் ஒரு பேட்டரி முழுக்க நிற்க வைக்கப் பழகும் வரை திருப்பாதீர்கள். திரும்பிவிட்டால் ஒரு கைவழி: ஹெலி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்கள், விழுகிறதைக் கீழேயிருந்து முட்டுக் கொடுப்பது போல. மோதப் போகிறது என்று தெரிந்தால் த்ராட்டிலை முழுக்க இறக்கிவிடுங்கள். நின்ற இறக்கை விழுந்தால் ஒரு பாகம் போகும், சுற்றும் இறக்கை விழுந்தால் ஐந்து போகும்.

## பேட்டரி சுடுகிறது, உப்புகிறது

பறந்து இறங்கியதும் லேசான சூடு சரி. ஆறின பிறகுதான் சார்ஜ் போட வேண்டும். கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் ஏதோ இறுகி மோட்டாரைத் திணறடிக்கிறது. முன்னே சொன்னபடி ஷாஃப்ட்டையும் பல்சக்கரத்தையும் பாருங்கள்.

பெரிய பேட்டரிக்கு, எல்லா செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜர்தான். 2200 மில்லியாம்ப்-அவர் என்றால் 2.2 ஆம்பியரில் வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள். ஒரு வாரத்துக்கு மேல் பறக்கப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி வையுங்கள். சார்ஜ் போடுவது முற்றத்துக் கல் தரையில், ஆள் பார்வையில். பர்மாத் தேக்குப் பெட்டகத்தின் மேல் வைத்துவிட்டு உறங்கப் போகிறவர்களைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியிருக்கிறது.

உப்பியது என்றால் சோதனை கிடையாது, வேறு வழி கிடையாது. குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், இன்னொரு முறை மட்டும் என்று சார்ஜ் போடாதீர்கள். சிக்ரி இருக்கும் ஊரில் பேட்டரியைச் சரிசெய்ய ஆளா இல்லை என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். 1953-ல் திறந்ததிலிருந்து மின்வேதியியல் ஆராய்ச்சி நடக்கிற இடம்தான், ஆனால் உப்பின லைப்போவை வற்ற வைக்கும் வித்தை எங்கும் இல்லை. வயர் முனைகளுக்குத் தனித்தனியாக டேப் சுற்றி, மணல் நிரப்பிய மண்சட்டியில் வைத்து, கொல்லையில் கூரை ஓலை எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள். மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். என் கடைக்குக் கொண்டு வருவதானாலும் சட்டியோடு கொண்டு வாருங்கள், சட்டைப் பையில் வேண்டாம்.